ஒன்றாம் தேதி போகும் சொல்

…ஆச்சரியக்குறியைக்கூட விடவில்லை ஃபோனில் பேசிய அந்தப் பெண், சொல்வதெழுதுதல் நடத்துகிற டீச்சர் மாதிரி நிறுத்தி நிதானமாகச் சொன்னாள், கூடம் முழுக்கக் கேட்டது, காது மந்தம் என்று ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தது யார், இவர்தான், வேறு யாரைக் குற்றம் சொல்ல… நாலடி தள்ளி மாப்பிள்ளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான், பெட்டி சட்டைக் காலரில் ஏறி இறங்குகிற சத்தம் ஒரு கணம் நின்றது, நின்றதா, இல்லை தனக்குத்தான் அப்படித் தோன்றியதா, பிறகு மறுபடி ஓடியது, அவ்வளவுதான். "உங்க பாஸ்வேர்ட் தண்டச்சோறு மாப்ள, ஐயா. ரெண்டையும் சேத்துப் போடணும். கடைசில ஒண்ணு, அப்புறம் ஒரு ஆச்சரியக்குறி." சிரிக்கவும் இல்லை அவள், சிரித்திருந்தாலாவது ஃபோனிலேயே நாலு வாங்கு வாங்கியிருக்கலாம்.

எதற்கு இந்த வேலை, பேசாமல் வங்கிக்கே நடந்திருக்கலாம். சாயங்காலம் கண் டாக்டரிடம் போக வேண்டும், இரண்டாவது கண்ணுக்கும் கத்தி வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார், இருக்கிற பணம் போதுமா என்று யார் வாயையும் பார்க்காமல் தானே பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் அந்த வரவுசெலவு ஆப்பைத் திறந்தார், அது என்னவோ தன்னைப் புதுப்பித்துக்கொண்டு நீ யார் என்று கேட்டது… நான் யாரா, கிடங்கு வாசலில் காவலுக்கு நின்று காலமெல்லாம் அந்தக் கேள்வியை மற்றவனிடம் கேட்டவன் நான், மேனேஜர் பையையே திறந்து தடவிப் பார்த்தவன், என்னையா கேட்கிறாய். சொல்லை ஞாபகமாகத்தான் போட்டார், எங்கோ ஒரு எழுத்து பிசகியிருக்கும், தப்பு, தப்பு என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டது. உதவிக்கு என்று ஒரு நம்பர் இருந்தது, அதற்கு அடித்தார். அந்தப் பெண் கேட்டது பிறந்த தேதி மட்டும்தான், அது தெருவில் போகிறவனுக்குக்கூடத் தெரியும், அதைச் சொன்னதும் உள்ளே இருந்ததை எடுத்து வெளியே வைத்துவிட்டாள். "அது உனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றால், "எங்க திரையில தெரியுதுங்க ஐயா" என்கிறாள். தெரியுதாம். உங்கள் சொல் உங்களுக்கு மட்டுமே தெரியும், எங்களுக்கே தெரியாது என்று முதல் நாள் எழுதியிருந்ததே, எழுத்துக்கூட்டிப் படித்தாரே, யாரையும் நம்பாதவன் அந்த ஒரு வரியைப் போய் நம்பினானே…

நம்பியதால்தானே அதைப் போட்டார். போன மழைக்காலம், மாப்பிள்ளைக்கு வேலை போய் வீட்டோடு கிடந்த நேரம், மகள் இரண்டு ஷிப்ட் பார்த்துவிட்டு வீங்கின காலோடு வந்து நிற்பாள், இவன் சோபாவில் சாய்ந்து ஃபோனை நோண்டிக்கொண்டிருப்பான், வேலை தேடினானாம், மகள் அப்புறம்தான் சொன்னாள். தொண்டை வரைக்கும் வரும், அவர்கள் வீட்டில் உட்கார்ந்துகொண்டு எப்படிச் சொல்வது, விழுங்கிவிடுவார். அந்தச் சமயம் பார்த்து ஆப் ஒரு சொல்லைக் கேட்டது, வேறு யாருக்கும் தெரியாத சொல் வேண்டும் என்றது, வந்து விழுந்துவிட்டது. ஒரு எண்ணும் ஒரு குறியும் இல்லாமல் ஏற்கமாட்டேன் என்று சம்பந்தி மாதிரி முறுக்கிக்கொண்டது, இந்தா வைத்துக்கொள் என்று அதையும் போட்டார். அன்றைக்குச் சாப்பாடு நன்றாக இறங்கியது. அப்புறம் திறக்கிற ஒவ்வொரு தடவையும் அவன் முகத்துக்கு நேரே திட்டின திருப்தி. அவனுக்கு வேலை கிடைத்தது, இவர் சொல்லை மாற்றவில்லை, எதற்கு மாற்ற, யாருக்குத் தெரியப்போகிறது…

அந்தப் பெண் அதோடு விட்டிருக்கலாம். "மறந்துடக் கூடாதுன்னுதான் மாசாமாசம் ஒண்ணாம் தேதி மெயில்ல அனுப்புறோமே ஐயா. பாக்கலீங்களா?" எனக்கேது மெயில் என்று சொல்ல வாயெடுத்தபோதுதான் ஞாபகம் வந்தது… ஆப்பைப் போட்டுக் கொடுத்த அன்று மகள் கேட்டாள், உனக்குத்தான் மெயில் கிடையாதேப்பா, அவரோடதைக் குடுத்துடறேன் என்றாள், இவரும் தலையாட்டினார். அப்படியென்றால் மழைக்காலத்திலிருந்து எத்தனை ஒன்றாம் தேதி… எண்ண ஆரம்பித்து விட்டுவிட்டார். முதல் கண்ணுக்குக் கத்தி வைத்தபோது இமையை விரலால் விரித்து, மேல பாருங்க மாமா என்று வேளாவேளைக்குச் சொட்டு மருந்து விட்டவன், குளியலறையில் இவர் வழுக்கி விழுந்த மறுநாளே சுவரைத் துளைத்துப் பிடிகம்பி மாட்டினவன், எல்லாம் படித்துவிட்டுத்தான் செய்திருக்கிறான். மருந்துக்குப் பதில் வேறு எதையாவது விட்டிருந்தாலும் இவருக்குத் தெரிந்திருக்காது… ச்சே, என்ன புத்தி இது. நடிப்பா, இல்லை கிழவன் சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும் என்கிற இளக்காரமா? நடிப்பென்றால் ஒரு நாளாவது சாயம் வெளுத்திருக்குமே. மகளிடம் சொல்லியிருப்பானோ? சொல்லியிருந்தால் அவள் சும்மா விடுவாளா, அப்பன் என்றும் பார்க்காமல் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பாள். ஆக, அவளிடமும் சொல்லவில்லை.

"மாப்ள" என்றார். வந்தது அந்தச் சொல்லின் பின்பாதிதான். அவன் தலை தூக்கவில்லை. "சட்டையைக் கழட்டிக் குடுங்க மாமா, இப்படிக் கசங்கினதோடயா டாக்டர்கிட்ட வருவீங்க. சீக்கிரம், கரண்ட் தண்டமாப் போகுது." தண்டமா என்றதை வேண்டுமென்றே சொன்னானா, உதட்டோரம் ஏதாவது தெரிகிறதா, இந்தக் கண்ணுக்கு எங்கே தெரிகிறது. கழற்றிக் கொடுத்துவிட்டு வெறும் பனியனோடு உட்கார்ந்தார். வைக்கும் முன் அந்தப் பெண் திறந்துவிட்ட ஒரு கட்டம் ஃபோனில் காத்துக்கொண்டிருந்தது, புதிய சொல்லை இடவும். ஆப்பையே பிடுங்கி எறிந்துவிடலாம், திருட்டுப் பயல்கள், ஆனால் எறிந்தால் கடைசியாகப் போனது அந்தச் சொல்லாகத்தானே இருக்கும்… எதையாவது போட்டால், ஒன்றாம் தேதி அது அவனிடம் போகும். நல்ல என்று அடித்தார், அழித்தார். மன்னிப்பு என்பதை இந்த விரல் அடித்ததும் இல்லை, வாய் சொன்னதும் இல்லை, அதற்கும் ஒரு எண் வேண்டும், ஒரு குறி வேண்டும்.

சூடு ஆறாத சட்டை தோளில் வந்து விழுந்தது. இத்தனை நாளும் மாதம் பிறக்கிற அன்று காலையில் அவன் ஃபோனைப் பார்ப்பான், பார்த்துவிட்டு மேஜையில் கவிழ்த்து வைப்பான், ஆபீஸ் தொல்லை போலிருக்கிறது என்று இவர் நினைத்துக்கொள்வார்… வேலை கிடைத்த மாதமும் பார்த்திருப்பானோ, சொல் மாறியிருக்கிறதா என்று?