சாட்சிக் கையெழுத்து

ஆய்வுக்கூடத்தின் கடைசி அறையில் வெதுவெதுப்பு குறையவே கூடாது. மாடி முழுக்கக் குளிரில் விரல் விறைக்க, அங்கே மட்டும்தான் கை ஓடும் என்று தட்டச்சு அக்கா தன் மேசையை அதற்குள்ளேயே போட்டுக்கொண்டிருந்தாள். டாக்டர் தன் குரலில் பதிந்து அனுப்பும் குறிப்புகளைச் சத்தமாக ஓடவிட்டுத் தட்டச்சு செய்வாள். கூட இருந்தது ஏழாம் எண் மட்டும்தான். டாக்டர் ஒரு துளித் திசுவிலிருந்து வளர்த்தெடுத்தது. கண்ணாடித் தொட்டியில், வெயில் படாத தோலின் நிறத்தில், தலையணை அளவு.

"இந்தக் கட்டடத்துல குறுக்கே பேசாம கேக்குற ஆளு இது ஒண்ணுதான்," என்று ஆய்வுக்கூடக் கழிவுகளை எரிக்கும் உலைக்காரரிடம் சொல்லிச் சிரிப்பாள்.

போன மாதம் அது பேசியது. டாக்டரின் குரலில், அவர் முதன்முதலில் பதிந்த அதே வாக்கியம்: "உயிர் இருக்கிறது. நான் உண்டாக்கியது."

அவள் அலறிப் புடைத்து ஓடவில்லை. தேதி போட்டு, எண் போட்டு, டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதினாள். பதில் இல்லை. இன்னும் இரண்டு எழுதினாள். அவர் அந்த அறைப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

இன்று காலையில்தான் வந்தார். கையில் பெட்டியோடு வாசற்படியிலேயே நின்றுகொண்டார். வேறு ஊரில் பெரிய பதவி. கீழே வண்டி காத்திருந்தது.

"ரெண்டு தாள் இருக்கும்மா. ஒண்ணு உங்க வேலை நீட்டிப்பு, நான் கையெழுத்து போட்டுட்டேன். இன்னொண்ணுல நீங்க சாட்சியா போடணும். ரெண்டும் ஒண்ணா போனாத்தான் அலுவலகத்துல வாங்குவாங்க."

இரண்டாவது தாளைப் படித்தாள். 'ஏழாம் எண்: உயிரற்ற திசு. எரிக்கலாம்.'

"சார், மூணு கடுதாசி போட்டேனே."

"பார்த்தேன். குழாயில காத்து போற சத்தம்மா அது."

"காத்து உங்க குரல்லயா பேசும்?"

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"உள்ளே வந்து ஒரு தடவை கேளுங்க," என்றாள். "அப்புறம் நீங்க சொல்ற இடத்துல போடுறேன்."

"எனக்கும் இதுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்ல. நாலு மணிக்கு உலைக்காரர் வருவாரு. எரிச்சிடுங்க."

தொட்டிக்குள் ஒரு குமிழி உடைந்தது. இத்தனை பேச்சையும் அது கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

வண்டி கிளம்பிப் போயிற்று. ஏழாம் எண்ணின் எதிரில் உட்கார்ந்து கையெழுத்துப் போட மனசு வரவில்லை. கதவைச் சாத்திவிட்டு, நாற்காலியை நடைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டாள். வீட்டுக்காரருக்கு வேலை போய் ஆறு மாதம். பிள்ளைகள் இரண்டும் அவள் சம்பளத்தில்தான் படிக்கின்றன. பேனா மூடியைக் கழற்றினாள், மாட்டினாள். மத்தியானத்துக்கு மேல் உள்ளே கண்ணாடி மூடி நகரும் சத்தம் கேட்டது. மூன்று மணிக்குக் கதவடியில் ஈரம் கசிந்து வந்தது.

நாலு மணிக்கு உலைக்காரர் தள்ளுவண்டியோடு வந்தார்.

"என்னக்கா, அறையை விட்டுத் துரத்திடுச்சா உங்க ஆளு? போட்டாச்சா?"

அவள் வாயைத் திறக்குமுன் உள்ளேயிருந்து பதில் வந்தது.

"எனக்கும் இதுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்ல."

தொட்டி இருக்கும் மூலையிலிருந்து அல்ல. கதவுக்கு அந்தப் பக்கம், ஆள் நிற்கும் உயரத்தில்.

"எரிச்சிடுங்க."

"டாக்டர் உள்ளேயா இருக்காரு?"

"அவரு காலையிலேயே போயிட்டாரு."

உலைக்காரர் தள்ளுவண்டியிலிருந்து கையை எடுத்தார்.

அவள் தாளை மடிமேல் வைத்துக்கொண்டாள். 'உயிரற்ற திசு' என்பதை ஒரே கோட்டில் அடித்தாள். பக்கத்தில் 'பேசுகிறது' என்று எழுதி, தேதி போட்டு, கீழே கையெழுத்தும் போட்டாள். வேலை போயிற்று, அதுவும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

கதவின் கைப்பிடி மெல்ல இறங்கியது. இந்த முறை வந்த குரல் அவளுடையது.

"உள்ளே வந்து ஒரு தடவை கேளுங்க."