எதிர் ஷோரூமில் நாற்பது நிமிடம்

நான் சொந்தப் பணத்தில் வாங்கிய ஒரே வண்டி ஒரு சைக்கிள். அதையும் இரண்டு வருஷத்தில் யாரோ கிளப்பிக்கொண்டு போய்விட்டார்கள். அப்படிப்பட்ட என்னை ஒரு சனிக்கிழமை காலையில், ஜெர்மன் சொகுசுக் கார் வாங்க வந்த கோடீஸ்வரனாக நடிக்க வைத்தாள் என் மனைவி. லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன் நான். நகக்கண்ணில் கிரீஸ் குடியிருக்கும். போட்டிருந்த கோட்டு பேங்கில் வேலை பார்க்கும் மச்சானுடையது. அவன் என்னைவிட ஒரு சாண் குள்ளம். கையை நீட்டினால் கோட்டு முழங்கைக்கு ஏறிவிடும் என்பதால், யாருக்கும் கை கொடுக்கக்கூடாது, பெரிய பணக்காரர்கள் அப்படித்தான் இருப்பார்கள் என்று சொல்லிக் கூட்டிப்போனாள்.

விஷயம் இதுதான். மனைவி வேலை பார்ப்பது ஒரு ஜெர்மன் கார் கம்பெனியின் ஷோரூமில். அதே சாலையில் எதிர் வரிசையில் இன்னொரு ஜெர்மன் கம்பெனியின் ஷோரூம். இரண்டும் ஒரே நாட்டில் பிறந்தவைதான், ஆனால் பங்காளிகள்கூட இப்படி முறைத்துக்கொள்ள மாட்டார்கள். மாதம் பிறந்ததும் மேலிடத்திலிருந்து ஒரு பட்டியல் வரும். சீனாவில் யார் முன்னால், அமெரிக்காவில் யார் பின்னால், எந்த நாட்டில் யார் மண்ணைக் கவ்வியது என்று எல்லாம் அதில் இருக்கும். அமெரிக்காவில் இவர்கள் ஏறினால் இங்கே வாசலில் பலூன் கட்டுவார்கள். சீனாவில் சறுக்கினால் இங்கே காபி மெஷினுக்குப் பால் பவுடர் வராது. எங்கோ எவனோ கார் வாங்காததற்கு என் மனைவி கறுப்புக் காபி குடிக்க வேண்டும். என்ன நியாயமோ.

அந்தப் பட்டியலைத் தலைமாட்டில் வைத்துத் தூங்குகிறவர் அவளுடைய மேனேஜர். வீட்டில் நாங்கள் அவருக்கு வைத்த பெயர் சதவீதம். அவர் எதையும் சதவீதத்தில்தான் சொல்வார். தலைவலி எப்படி இருக்கிறது என்று கேட்டால், நேற்றைவிட இன்றைக்குப் பதினைந்து சதவீதம் குறைவு என்பார். அந்த மாதம் எங்கள் நாட்டில் இரண்டு கம்பெனியும் சரிசமமாக ஓடிக்கொண்டிருந்தன. மாதம் முடிய மூன்று நாள்தான் பாக்கி. மனுஷன் சாப்பாட்டையே மறந்துவிட்டார்.

என் மனைவிக்கு அங்கே என்ன வேலை என்றால், யாரோ விற்ற காருக்கு ரிப்பன் கட்டுவது. வாங்கியவர்கள் வந்ததும் பூங்கொத்தும் சாவியும் கொடுத்து, எந்தப் பொத்தான் எதற்கு என்று சொல்லிக் காட்டி, போட்டோ எடுத்து அனுப்புவது. மூன்று வருஷமாக இதேதான். விற்பனைப் பிரிவில் ஆறு மாதமாக ஓர் இடம் காலி. அதைத்தான் அவள் கேட்டாள், இரண்டு தடவை. முதல் தடவை சதவீதம் பார்க்கலாம் என்றார். இரண்டாம் தடவை சிரித்துக்கொண்டே, உன் முகத்துக்கு வாழ்த்துச் சொல்லும் வேலைதான் பொருத்தம், விற்பதற்கு வேறு மாதிரி ஆள் வேண்டும் என்று சொல்லிவிட்டார். அன்று வீட்டுக்கு வந்து, அழாமல், துடைத்த அடுப்பையே மூன்று தடவை துடைத்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த ஆள் ஏறுகிற லிஃப்டை இரண்டு மாடிக்கு நடுவில் நிறுத்திவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

இரண்டு ஷோரூமும் ஒன்றையொன்று வேவு பார்க்கும். பொய் வாடிக்கையாளரை அனுப்பி, அங்கே எப்படிப் பேசுகிறார்கள், எதைக் காட்டுகிறார்கள் என்று அறிக்கை வாங்குவார்கள். விற்கிற ஆட்களின் முகம் இரண்டு பக்கமும் தெரியும். ரிப்பன் கட்டுகிறவள் முகம் யாருக்குத் தெரியும்? அதனால் இந்தத் தடவை அவளை அனுப்பினார் சதவீதம். அறிக்கை நன்றாக இருந்தால் அந்தக் காலி இடத்தைப் பற்றி மறுபடி யோசிக்கலாம் என்று ஒரு வார்த்தையும் விட்டிருந்தார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் கோட்டுப் போட்டேன்.

உள்ளே போனதும் எங்களைப் பத்து நிமிடம் உட்காரச் சொன்னார்கள். அன்று ஷோரூமில் இருந்தது ஒரே ஒரு விற்பனையாளர். அவர் போகுமிடமெல்லாம் சென்ட் வாசனை அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது. ஒரு பெண் பல் டாக்டரும் அவர் வீட்டுக்காரரும் ஒரு பெரிய காரின் பக்கத்தில் நின்றிருந்தார்கள். டாக்டர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. அவருடைய அம்மாவின் சக்கர நாற்காலி இந்த டிக்கியில் வைக்க வருமா? சென்ட்காரர் ஆறு நொடியில் இந்த வண்டி என்ன வேகம் பிடிக்கும் என்று சொன்னார். டாக்டர் மறுபடி கேட்டார். சென்ட்காரர் உள்ளே எரிகிற விளக்கு எத்தனை நிறம் மாறும் என்று காட்டினார். மூன்றாம் தடவை கேட்டபோது சென்ட்காரருக்குப் போன் வந்து, ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

எதிர்க் கடையைப் போய்ப் பார்க்கலாம் என்று டாக்டர் வீட்டுக்காரரிடம் சொன்னது எங்கள் காதில் விழுந்தது. எதிர்க் கடை என்றால் என் மனைவியின் கடை. பழம் நழுவிப் பாலில் விழுகிறது என்று நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். சோபாவில் ஆளைக் காணோம். டாக்டர் பக்கத்தில் நின்றுகொண்டு, சக்கர நாற்காலி இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

நாற்காலி அவர்களுடைய பழைய காரில் இருந்தது. எடுத்து வரச் சொன்னாள். எதிரியின் காரைப் பற்றி அவளுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. ஆறு மாதமாக ராப்பகலாக அதைத்தான் படித்திருக்கிறாள், தன்னை விற்பனைப் பிரிவுக்கு எடுத்தால் உதவும் என்று. பின் ஸீட்டின் அடியில் ஒரு விசையை இழுத்தாள். ஸீட்டில் பாதி படுத்தது. நாற்காலி அலுங்காமல் உள்ளே போனது. அடுத்து டாக்டரின் அம்மா ஏறி இறங்குவதைப் பார்க்க வேண்டும் என்றாள். அம்மா வரவில்லையே என்றார்கள். அவள் என்னைப் பார்த்தாள். மச்சானின் கோட்டோடு, முட்டியை மடக்காமல், எண்பது வயதுப் பெண்மணியாக நான் நான்கு தடவை ஏறி இறங்கினேன். டாக்டரின் வீட்டுக்காரர் என் முழங்கையைப் பிடித்துத் தாங்கிக்கூடப் பார்த்தார்.

கடைசியில் டாக்டர், எதிர்க் கடையையும் ஒரு எட்டு பார்த்துவிடுவதா என்று அவளையே கேட்டார்.

"அதுவும் நல்ல வண்டிதாங்க. ஆனா இந்தச் சக்கர நாற்காலி அந்த டிக்கியில படுக்காது," என்றாள் என் மனைவி.

சென்ட்காரர் போனை முடித்துத் திரும்பி வந்தபோது டாக்டர் எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டார். எல்லாம் சேர்த்து நாற்பது நிமிடம்.

பஸ்ஸில் ஏறியதும் பிடித்துக்கொண்டேன். வேவு பார்க்கப் போன இடத்தில் எதிரிக்குக் காரை விற்றுக் கொடுத்துவிட்டு வருகிறாயே, உனக்கு என்ன ஆயிற்று என்றேன். அவள் முகம் அப்படி மின்னி நான் பார்த்ததில்லை.

"அந்தம்மா மூணு தடவை கேட்டாங்க. பதில் எனக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டு எப்படிங்க சும்மா உக்காந்திருக்கிறது?"

இரண்டு நிறுத்தம் தாண்டியதும் கணக்கு அவளுக்கே உறைத்தது. சரிசமமாக இருந்த இடத்தில் இப்போது ஒரு கார் அவர்கள் பக்கம். மின்னிய முகம் அப்படியே வாடிப்போனது. அந்த வேலை இனி கிடைத்த மாதிரிதான் என்றாள்.

அறிக்கையை அன்று மாலையே எழுதினாள். பொய் எழுத அவளுக்கு வராது, உண்மையை எழுதவும் முடியாது. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதி, ஆளை மட்டும் விட்டுவிட்டாள். விற்பனையாளர் சொதப்பினார், ஒரு பெண் வந்து இன்னின்ன கேட்டார், இன்னின்ன காட்டினார், நாற்பது நிமிடத்தில் முடித்தார். பெயர் என்ற இடத்தில் ஒரு கோடு. மதிப்பெண் போடுவது வாடிக்கையாளராகிய என் பொறுப்பு. பத்துக்கு ஒன்பது போட்டேன். என்னைக் கிழவியாக்கியதற்காக ஒன்றைக் குறைத்தேன்.

புது மாதத்தின் முதல் நாள் விடுமுறை. காலையில் பட்டியல் வந்துவிட்டது. ஒரே ஒரு கார் வித்தியாசத்தில் எதிர்க் கம்பெனி முதலிடம். மனைவி துவைத்த துணிகளைக் கட்டிலில் கொட்டி மடித்துக்கொண்டிருந்தபோது சதவீதம் கூப்பிட்டார். கை ஒழியவில்லை என்பதால் போனை ஸ்பீக்கரில் போட்டாள். திட்டப் போகிறார் என்று நான் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

அவர் திட்டவில்லை. தோற்றதற்குக் காரணம் கிடைத்துவிட்டது என்றார். அறிக்கையை ஐந்து தடவை படித்தாராம். மேலிடத்துக்கும் அனுப்பிவிட்டாராம்.

"அந்த மாதிரி ஒரு ஆளு நம்மகிட்ட இல்லம்மா. அதான் தோத்தோம். அந்தப் பொம்பளை யாருன்னு எப்படியாவது விசாரி. அந்தக் காலி இடத்தை அவளுக்கே குடுத்துடலாம். நூறு சதவீதம்."

அவள் ஒரு துண்டை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள்.

"விசாரிக்க வேண்டாம் சார். இப்ப உங்ககிட்ட பேசிட்டிருக்கிறது அவங்கதான்."

அவர் விளையாடுகிறாயா என்றார். எதற்காக அவர்கள் காரை விற்றாய் என்றார். அவள் குரலை உயர்த்தவே இல்லை.

"மூணு வருஷத்துல நீங்க ஒரு வாடிக்கையாளரைக்கூட என் முன்னாடி உக்கார வைக்கல சார். அங்க என்னைத் தடுக்க யாரும் இல்ல."

சதவீதம் இருமினார். சொன்னது சொன்னதுதான், மேலிடத்துக்கும் எழுதியாகிவிட்டது, நாளையிலிருந்து விற்பனைப் பிரிவுக்கு வந்துவிடு என்று வேகவேகமாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

நான் குதிக்காத குறைதான். திரும்பிப் பார்த்தால் அவள் துண்டில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அன்று அடுப்பைத் துடைத்தபோதுகூட அழாதவள். அதுதான் கிடைத்துவிட்டதே, இப்போது ஏன் அழுகிறாய் என்று கேட்டேன்.

"அது நான்னு தெரியாத வரைக்கும்தாங்க அவர் அப்படிப் புகழ்ந்தாரு," என்றாள்.

கட்டிலில் உட்கார்ந்து மிச்சத் துணியை நான் மடித்தேன்.