பிடிக்காததைப் பிடி

அக்காவும் தம்பியுமாக அந்தக் கேமரா கடைக்குள் நுழைந்தபோது தம்பியின் சட்டைக் கையில் கிரீஸ் கறை காயாமல் இருந்தது. அவன் லிஃப்ட் மெக்கானிக். அக்கா ஒரு பள்ளி அலுவலகத்தில் கோப்பு பார்ப்பவள். எதற்கும் தேதி போட்டு வைத்துப் பழகியவள். அவன் மகளுக்கு அந்த வாரம் ஏழு வயது முடிகிறது. வீட்டில் அவளைச் சுண்டெலி என்பார்கள்.

வீடு என்று சொல்லிவிட்டேன். அது இப்போது இரண்டு வீடு. சுண்டெலி அம்மாவிடம் இருக்கிறாள். ஞாயிறு காலை பத்து மணிக்கு அப்பா வந்து கூட்டிப்போய், சாயங்காலம் கொண்டுவந்து விடலாம் என்று ஏற்பாடு. அது போதாது, பிள்ளை தன்னிடமே வளர வேண்டும் என்று அவன் வழக்குப் போட்டிருந்தான்.

"குழந்தைக்கு வேணும். சிம்பிளா இருக்கட்டும்" என்றான்.

கடைக்காரப் பெண் முயல் காது வைத்த ஒன்றை எடுத்து வைத்தாள்.

"இதுல படம் எப்படி விழும்?" என்றாள் அக்கா.

"சுமாரா விழும். உங்களை எடுத்தா உங்க தங்கச்சி மாதிரி தெரியும்."

"எனக்குத் தங்கச்சி இல்லை."

"அப்போ யாரு மாதிரியும் தெரியாதுக்கா. வேற காட்டுறேன்."

அடுத்து வந்ததில் பட்டன்கள் அதிகம். "இது பிள்ளைக்கா, விமானம் ஓட்டுறவங்களுக்கா?" என்று அக்கா ஒதுக்கினாள். மூன்றாவது நீல நிறம். ஓரமெல்லாம் ரப்பர். படம் எடுக்க ஒரு பட்டன், எடுத்ததைப் பார்க்க ஒரு பட்டன், கேமரா ஓடுகிறது என்று காட்ட ஒரு பச்சை விளக்கு. கடைக்காரப் பெண் அதை மேசையிலிருந்து தரையில் போட்டு, எடுத்து, அவர்கள் இருவரையும் படம் பிடித்துக் காட்டினாள். தம்பி அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். மகளின் கை எவ்வளவு இருக்கும் என்று யோசிப்பதுபோல விரல்களை மடக்கினான்.

"தேதி விழுமா?" என்றாள் அக்கா.

"படத்து மேலயா? வைக்கலாம். அழகு போயிடும்க்கா. ஒருதடவை விழுந்தா அப்புறம் எடுக்க முடியாது."

"அதுதான் வேணும். மணியும் சேர்த்து வை."

"பிள்ளைங்க தெரியாம அழிச்சிடுவாங்க. அழிக்கிறதுக்குப் பூட்டு போடலாம். நாலு நம்பர் சொல்லுங்க."

அக்கா சுண்டெலியின் பிறந்த நாளையும் மாதத்தையும் சொன்னாள். தம்பி தலையாட்டினான்.

எதற்கு இந்தத் தேதி என்று உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும், கண்ணுகளா. "வாய்ப்பேச்சு போதாது, படம் இருந்தா பலம்" என்று வக்கீலம்மா போகிற போக்கில் சொன்னதை அக்கா கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அம்மாக்காரி ரெடிமேட் கடைகளுக்கு வீட்டிலிருந்தே தைத்துக் கொடுப்பவள். ஊசிக்கும் கத்தரிக்கும் நடுவில் பிள்ளை கவனிப்பாரில்லாமல் கிடக்கிறது என்பது இவர்கள் கட்சி. அவனை அவசரப்பட்டு வெறுத்துவிடாதீர்கள். அவன் கருவிப் பையில், திருகாணி போடும் டப்பாவில், மகளின் விழுந்த பல் ஒன்றைப் பஞ்சில் சுற்றி வைத்திருந்தான்.

அந்த ஞாயிறு அம்மா வீட்டுக்குப் போய்க் கேமராவைக் கொடுத்தான்.

"எதைப் பிடிக்கட்டும்ப்பா?"

அவன் அவள் உயரத்துக்குக் குந்தி உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினான். "நீ இருக்கிற வீட்டுல உனக்கு எதெல்லாம் பிடிக்கலையோ, அதையெல்லாம் பிடி."

"பிடிக்காததைப் பிடிக்கணுமா?"

"ஆமா."

அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பிடிக்காததைப் பிடி, பிடிக்காததைப் பிடி என்று ராகம் போட்டுக்கொண்டே அறை அறையாக ஓடினாள். உள்ளே மெஷின் மிதித்துக்கொண்டிருந்த அம்மாவின் காதில் ராகம்தான் விழுந்தது, அர்த்தம் விழவில்லை.

பத்து ஞாயிறுகள் போயின. பதினோராவது ஞாயிறு, பிரிண்ட் போட்டுத் தருகிறேன் என்று கேமராவை வாங்கிக்கொண்டான். மறுநாளே அக்காவும் தம்பியும் வக்கீலம்மாவின் அறையில் உட்கார்ந்திருந்தார்கள்.

அடுத்த நாள் கோர்ட்டில் கொடுக்க வேண்டிய தாளை வக்கீலம்மா படித்துக் காட்டினார். அதில் ஒரு வரி, 'மகளைச் சந்திக்க எனக்கு அனுமதிக்கப்பட்ட ஒரு ஞாயிறுகூட நான் தவறியதில்லை.' அக்கா எழுதிக் கொடுத்த வரி அது. தம்பி அதைக் கேட்டு அசையவில்லை. அவன் மனதில் அது உண்மையாகவே இருந்திருக்கும். வராத ஞாயிறுகளில் போன் பண்ணியிருந்தான் அல்லவா.

வக்கீலம்மா கேமராவின் கார்டைக் கம்ப்யூட்டரில் செருகினார்.

முதல் படம் ஒரு டம்ளர் பால், மேலே ஆடை. அடுத்தது பல் உடைந்த சீப்பு. கணக்கு நோட்டில் ஒரு பக்கம், நிறையச் சிவப்பு மை. எதிர்வீட்டு நாய். அந்த நாயின் சொந்தக்காரர்.

"மெஷின் எங்கே? துணி எங்கே?" என்றாள் அக்கா.

"பொறுங்க, வருது."

வந்தது ஒரு கேட். ஜன்னல் திண்டில் கால் நீட்டி உட்கார்ந்து எடுத்த படம். கீழே இரண்டு சின்ன ஷூக்களின் நுனி, வார் இறுக்கிப் போட்டது. அவற்றுக்கு அப்பால் கேட்டும் காலியான தெருவும். மூலையில் மஞ்சள் எழுத்தில் தேதி, ஞாயிறு, பத்து மணி ஐந்து நிமிடம். அடுத்த படமும் அதே கேட், பத்தே முக்கால். அதே கேட், பன்னிரண்டே கால்; நிழல் நகர்ந்திருந்தது. நான்காவது படத்தில் மணி ஒன்றரை. ஷூக்கள் இல்லை. சாக்ஸ் மட்டும்.

அடுத்து வேறொரு ஞாயிறு, அதே கேட். அதற்கப்புறமும் அதே கேட். ஆறு ஞாயிறுகள். ஆறிலும் ஷூவில் தொடங்கி சாக்ஸில் முடிந்தது.



"லிஃப்ட்ல ஆள் மாட்டிக்கிட்டாங்கம்மா" என்றான் அவன்.

"ஆறு ஞாயிறும் மாட்டினாங்களா?"

அவன் கறை படிந்த நகங்களைப் பார்த்தான். "ரெண்டு ஞாயிறு நிஜமாவே மாட்டினாங்க."

வக்கீலம்மா கார்டை உருவி அவன் பக்கம் தள்ளினார். "நீங்க இதை எனக்குக் காட்டலை. நான் பார்க்கலை."

"அந்த வரியை என்ன பண்றது?" என்று அவன் மெல்லக் கேட்டான்.

அக்கா முந்திக்கொண்டாள். "வரி வரியா இருக்கட்டும்டா. முதல்ல இதைத் துடை."

வெளியே படிக்கட்டில் நின்று, கார்டைக் கேமராவில் திரும்பப் போட்டுத் துடைக்கப் பார்த்தான். பூட்டுக்கு நாலு நம்பர் கேட்டது. அவன் போட்டது தப்பு என்றது. அக்கா வாங்கி, பிறந்த நாளையும் மாதத்தையும் சரியாகப் போட்டுத் திருப்பிக் கொடுத்தாள். 'எல்லாவற்றையும் அழிக்கவா?' என்று திரை கேட்டது. கட்டைவிரல் சற்று நேரம் அந்தரத்தில் நின்றது. அவ்வளவுதான் நின்றது. மறுநாள் அந்தத் தாள் ஒரு எழுத்தும் மாறாமல் கோர்ட்டுக்குப் போனது.

அடுத்த ஞாயிறு பத்து மணிக்கு ஐந்து நிமிடம் முன்னாலேயே அவன் கேட்டைத் திறந்தான். சுண்டெலி ஜன்னலிலிருந்து குதித்து ஓடி வந்தாள். ஷூ போட்டிருந்தாள்.

"என் படமெல்லாம் எங்கப்பா?"

"மெஷின் கோளாறு, சுண்டெலி. எல்லாம் அழிஞ்சு போச்சு."

உள்ளே தையல் மெஷின் நின்றது. ஒரு நிமிடம் கழித்து மறுபடி ஓட ஆரம்பித்தது.

"நான் எதையும் அழிக்கலைப்பா. எனக்கு அழிக்க வராதுன்னு அத்தை சொன்னாங்களே."

"உன்னைச் சொல்லலைடா. மெஷின்தான்."

"நீ சொன்னதைத்தான்ப்பா பிடிச்சேன். மறுபடி முதல்லேர்ந்து பிடிக்கணுமா?"

"வேணாம்." அவசரமாகச் சொன்னான். "இனிமே உனக்குப் பிடிச்சதை மட்டும் பிடி."

சொல்லிவிட்டு இரண்டடி பின்னால் போய், கேட்டை ஒட்டி நின்றுகொண்டான். காலரைச் சரி செய்தான். கிரீஸ் கறை தெரியாமல் ஒரு கையை முதுகுப் பக்கம் மறைத்தான். சிரித்தான்.

அவள் கேமராவை உயர்த்தி, சின்னத் திரையில் அவனையும் கேட்டையும் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அவன் சிரிப்பு கன்னத்தில் வலிக்கத் தொடங்கியது.

பிறகு அவள் கேமராவை இறக்கிக்கொண்டாள்.

"என்னடா, பிடிக்கலையா?"

"மெஷின் கோளாறுப்பா" என்றாள் சுண்டெலி.

அவள் கையில், பட்டனுக்குப் பக்கத்தில், பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.