நேட்டிவ் கோயம்புத்தூர்

அப்துல் முத்தலிப்புக்கு நாலு நாளாக இருப்புக்கொள்ளவில்லை. கோட்டைமேட்டு வீட்டுக்கும் உக்கடம் டெலிபோன் பூத்துக்கும் நடந்து நடந்து செருப்புத்தான் தேய்ந்தது. எல்லாம் அவர் எழுதிய ஒரே ஒரு சொல்லால் வந்த வினை.

முப்பது வருடம் ஹாங்காங்கில் காவலாளியாக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர் அவர். மகன் தல்ஹா பிறந்ததும் அங்கே, இப்போது வேலை பார்ப்பதும் அங்கே. தொண்ணூற்றேழு ஜூலை முதல் தேதி அந்த ஊர் பிரிட்டிஷார் கையிலிருந்து சீனாவுக்குப் போகிறது. இன்னும் பத்தே வாரம். சீனர் அல்லாதவனைச் சீனா தன் குடிமகனாக ஏற்காது. தல்ஹாவிடம் இருந்த பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டோ பிரிட்டனில் குடியிருக்கக்கூட உதவாத பாஸ்போர்ட். வேறெந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவன் என்று காட்டினால் முழுக் குடியுரிமை உண்டு என்றது லண்டன். அவன் எங்கள் பிரஜை அல்ல என்றது இந்தியத் தரப்பு. அதை லண்டன் லேசில் நம்பவில்லை. இரண்டு சர்க்காரும் மரியாதையாகக் கடிதம் எழுதியே பையனை மாற்றி மாற்றித் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தன.

நடுவில், பையனுக்கு வேறு நாடு இல்லை என்று தகப்பனிடம் ஓர் உறுதிமொழிப் பத்திரம் கேட்டார்கள் பிரிட்டிஷார். முத்தலிப் தன் கைப்பட, பெருமை பொங்க, ‘என் மகன் தல்ஹா, நேட்டிவ் ஆஃப் கோயம்புத்தூர்’ என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்து அனுப்பிவைத்தார். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவனிடம்கூட நாம் முதலில் நேட்டிவ் எது என்றுதானே கேட்கிறோம்? வெள்ளைக்கார அதிகாரிக்கு அது புரியுமா? கோயம்புத்தூர்க்காரன் என்றால் இந்தியன்தானே என்று விண்ணப்பத்தை நிறுத்திவிட்டார்.

வக்கீல் நரசிம்மலு நகலைப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், ஆந்திராவை எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

“ஏனுங்க பாய், என்னையக் கேட்டாலும் நேட்டிவ் பெரியநாயக்கன்பாளையம்னுதானுங்க எழுதிப்போடுவேன். ஆனா அவிய அதை வேற மாதிரி எடுத்துக்கிட்டாங்களே.”

அந்த ஒரு சொல்லை மட்டும் அடித்துவிட்டால் போதாதா என்று முத்தலிப் கெஞ்சிப் பார்த்தார். போதாது, எழுதியதை எழுத்திலேயே மறுக்க வேண்டும் என்றார் வக்கீல். புதுப் பத்திரம் டைப் ஆகி வந்தது. என் மகனுக்கு இந்தியாவில் சொந்த ஊர் கிடையாது, கோயம்புத்தூர் அவனுடைய ஊர் அல்ல என்று அதில் இருந்தது. பெற்ற தகப்பனே இதை எழுதிக் கொடுக்க வேண்டுமா என்று முத்தலிப்புக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. எழுந்தார், ஜன்னல் வரை போனார், திரும்பி வந்தார். கடைசியில் கையெழுத்துப் போட்டார்.

தபாலில் சேர்த்துவிட்டு நேரே பூத்துக்குப் போய் மகனுக்குப் போன் போட்டார். பத்திரம் கிளம்பிவிட்டது என்றதும் தல்ஹாவின் குரலில் உயிர் வந்தது.

“இனிப் பயமில்லைங்க அத்தா. பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் ஊருக்கு வாரேனுங்க.”

“எந்த ஊருக்குக் கண்ணு?” என்று கேட்டுவிட்டார் முத்தலிப்.

“இதென்னங்கத்தா கேள்வி? நம்மூருக்குத்தானுங்க.”

வெளியே ஆட்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். முத்தலிப் ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு அழுதார்.