குதிரை இல்லாத வீட்டுக்குச் சேணம்

மதிய இடைவேளை. கணினி அறையில் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கொரு திரையின் முன் உட்கார்ந்து, திரைக்குத் திரை ஒரே சிவப்புக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ‘இந்தப் பக்கம் தடுக்கப்பட்டுள்ளது’ என்று அந்தக் கை சொன்னது. பள்ளிக்கூட வைஃபையில் எதைத் திறந்தாலும் பாதி நேரம் அதுதான் வந்து நிற்கும். விளையாட்டுத் தளங்களுக்கு வந்தால் சரி, நியாயம். அன்றைக்குப் பாலூட்டிகளைப் பற்றிய உயிரியல் பக்கத்துக்கும் வந்தது. பாலூட்டிகள் அப்படி என்ன குற்றம் செய்தன என்று வகுப்பில் ஒருத்தி மட்டும் கேட்டாள்.

அவளுக்குத் துருவி என்று பெயர் வைத்திருந்தார்கள். எதையும் துருவித் துருவிக் கேட்பாள். பிஸ்கட் பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படித்து முடிக்காமல் பிஸ்கட்டை வாயில் வைக்க மாட்டாள். பக்கத்து இருக்கைத் தோழிக்கு மைக்செட் என்று பெயர். அவளுக்கு ரகசியம் பேசத் தெரியாது என்பதைத் தவிர வேறு குறை இல்லை.

“இதுக்குப் போயா மண்டைய உடைச்சுக்கிறே? போன்ல விபிஎன் போடு. கிளாஸே போட்டிருக்கு,” என்று மைக்செட் சொன்னது கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

“அது எப்படி வேலை செய்யுது?”

“ஸ்கூல் வாசல்ல வாட்ச்மேன் பையைத் திறந்து பாக்கிறாருன்னு வச்சுக்க. நீ பையை ஒட்டி, சீல் வச்சு, வெளியில இருக்கிற இன்னொருத்தருக்கு அனுப்பிடுறே. வாட்ச்மேனுக்குப் பை போறது தெரியும், உள்ள என்னன்னு தெரியாது. வெளியில இருக்கிறவரு பிரிச்சு, போக வேண்டிய இடத்துல சேத்துடுவாரு. ஓசி வேற.”

துருவி அன்றே அதைப் போட்டுக்கொண்டாள். செயலி முதலில் ஒரு மின்னஞ்சல் முகவரி கேட்டது. கூடவே ‘பதினெட்டு வயது நிரம்பியவரா?’ என்றும் கேட்டது. வகுப்பில் எல்லோரும் இதற்கு ஒரே வழியைத்தான் கையாண்டிருந்தார்கள். அம்மா அல்லது அப்பாவின் முகவரியைக் கொடுத்துவிட்டு ‘ஆம்’ என்று அழுத்தியிருந்தார்கள். முப்பத்து நான்கு பெற்றோர் ஒரே வாரத்தில், தங்களுக்கே தெரியாமல், மதிய இடைவேளைகளில் இணையத்தில் உலாவிக்கொண்டிருந்தார்கள். துருவி தன் வீட்டின் பொது முகவரியைக் கொடுத்தாள். மின்சாரக் கட்டணம் முதல் கார்ட்டூன் வரை அந்த வீட்டில் எல்லாமே அந்த ஒரே முகவரியில்தான். அடுத்து நீளமாக ஒரு விதிமுறைப் பட்டியல் வந்தது. பிஸ்கட் பொட்டலத்தைப் படிக்கிறவள், அதைப் படிக்காமல் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று தட்டினாள்.

அவளுக்கு அவசரம் இருந்தது. அவள் சித்தி நகரப் பேருந்து ஓட்டுகிறவள். சித்தப்பாவுக்குக் கப்பலில் வேலை, வருடத்தில் ஏழு மாதம் கடலில் இருப்பார். அதனால் சித்தி தன் ஏழு வயது மகளோடு அக்கா வீட்டிலேயே இருந்தாள். அக்கா, அதாவது துருவியின் அம்மா, கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிறவள். முந்தின நாள்தான் சித்தி அக்காவையும் துருவியையும் சமையலறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினாள்.

“மார்ல ஒரு கட்டி இருக்கு. ஊசி போட்டு எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பியிருக்காங்க. ரிசல்ட் வர பத்து நாள் ஆகும். அதுவரைக்கும் உங்க ரெண்டு பேரைத் தவிர ஒரு ஈ காக்காய்க்குத் தெரியக் கூடாது. அவரு நடுக்கடல்ல இருந்துக்கிட்டு என்ன பண்ணுவாரு? வாலுக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டா.”

வாலு என்பது அந்த ஏழு வயது. பெரியவர்களோடு ஒருத்தியாகத் தன்னையும் நம்பிச் சொன்னது துருவிக்குப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. பயம் வந்தால் அவளுக்குத் தெரிந்த ஒரே மருந்து படிப்பதுதான். வீட்டில் யாராவது தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார்கள். பள்ளியில் தேடினால் சிவப்புக் கை. ஆகவே அந்தச் செயலிக்குள்ளேயே இருந்த தேடல் பெட்டியில் அவள் கேட்டாள். கட்டி என்றால் என்ன, எத்தனை வகை, சிகிச்சை எப்படி, முடி கொட்டுமா, திரும்ப முளைக்குமா. நான்கு மதியங்கள் தொடர்ந்து கேட்டாள்.

ஐந்தாம் நாள் மாலை, கூடத்தில் டேப்லட்டில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்த வாலு தலையைத் தூக்கினாள்.

“அம்மா, உனக்கு முடி கொட்டப் போகுதா?”

சித்தி வேலைச் சீருடையைக்கூட மாற்றவில்லை. “யாருடி சொன்னது?”

“இதுல வருது. மார்புல புற்றுநோய் வந்த அம்மாக்களுக்கு முடி கொட்டுமாம். இந்த முடிய வாங்கி வச்சுக்கலாமாம். நெறைய தடவை வருது. நம்ம வீட்டுல அம்மான்னா நீதானே?”

திரையில் ஒரு பெண் சிரித்தபடி ஒரு விக்கைத் தலையில் பொருத்திக்கொண்டிருந்தாள். சித்தி டேப்லட்டை வாங்கிக் கவிழ்த்து வைத்தாள். பிறகு அடுப்படிக்குப் போய் அக்காவைப் பார்த்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“ரிசல்ட்டே வரல. அதுக்குள்ள எனக்கு விக் பாத்துட்டியா அக்கா?”

“ஐயோ, நான் எதுவும் பாக்கலடி! சத்தியமா!”

“டேப்லட் பின்ன சும்மா கனவு கண்டுச்சா? இந்த வீட்டுல தெரிஞ்சது உனக்கும் அவளுக்கும்தான். அவ பச்சைப் புள்ள, வாயே தொறக்க மாட்டா.”

அந்த ‘வாயே தொறக்க மாட்டா’ துருவியின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. உண்மைதான், அவள் வாயைத் திறக்கவில்லை. விரலை மட்டும்தான் அசைத்தாள்.

அக்கா தங்கை பேச்சு அன்றோடு நின்றது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, “உங்க அம்மாகிட்ட உப்பு தீந்துடுச்சுன்னு சொல்லு” என்று பிள்ளைகள் வழியாகச் செய்தி அனுப்பிக்கொண்டார்கள். அம்மா செய்யாத குற்றத்துக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். துருவிக்குத் தன்மேல் சந்தேகம் வந்தது. ஆனால் சந்தேகத்தை வைத்துக்கொண்டு ஒப்புக்கொள்வதெப்படி? அவள் தேடியது தன் போனில், பள்ளியில். விளம்பரம் வந்தது வீட்டு டேப்லட்டில். நடுவில் யார் நடந்து போய்ச் சொன்னது? அதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும் என்று அவள் நினைத்தாள். பயந்தவர்களுக்குத் தள்ளிப்போட ஒரு நல்ல காரணம் எப்போதும் கிடைக்கும். ஆனாலும் அவளுடைய ஆர்வம் உண்மையானது.

மறுநாள் அவள் மைக்செட்டைப் பிடித்தாள். “உங்க வீட்டுல யாருக்குமே எந்தக் காலத்துலயும் தேவைப்படாத பொருள் ஒண்ணு சொல்லு.”

மைக்செட் யோசித்தாள். அவள் அப்பா முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறார். வீடு மூன்றாம் மாடி. “குதிரைச் சேணம்,” என்றாள்.

“சரி. செயலிக்குள்ள குதிரைச் சேணம் தேடு. பத்துத் தடவை. அப்புறம் லேப் கம்ப்யூட்டர்ல, விபிஎன் இல்லாம, நீயே தேனீப் பெட்டியும் தேடு. உங்க வீட்டுக்கு எது வருதுன்னு பாப்போம்.”

மறுநாளே பதில் வந்தது. முடிதிருத்தும் கடையில் வாடிக்கையாளர்களுக்காகப் பாட்டுப் போடும் திரை ஒன்று உண்டு; மைக்செட் செயலிக்குக் கொடுத்திருந்த அப்பாவின் முகவரியில்தான் அதுவும் ஓடியது. ஒருவருக்குப் பாதி மீசை ஒதுக்கியிருந்த நேரத்தில் பாட்டு நின்று, ‘உங்கள் குதிரையின் முதுகு வலிக்கிறதா?’ என்று ஒரு குரல் கேட்டது. மைக்செட்டின் அப்பா கத்தரியோடு அப்படியே நின்றுவிட்டார். “நமக்கேது குதிரை? வீட்டுக்கு மாடிப்படி ஏறிப் போறதுக்குள்ள எனக்கே முதுகு வலிக்குது,” என்றாராம். கடை முழுக்கச் சிரிப்பு. தேனீப் பெட்டி வரவே இல்லை.

“ஒரு தடவை வந்தா தற்செயல்,” என்று துருவி விடவில்லை. அடுத்து பாராசூட் தேடினார்கள். பாராசூட்டும் வந்தது. முடிவெட்டிக்கொள்ள வந்தவர்கள் இப்போது விளம்பரத்துக்காகக் காத்திருக்க ஆரம்பித்தார்கள்.

துருவிக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று மாலை அந்த விதிமுறைப் பட்டியலைத் திறந்து முதல் வரியிலிருந்து படித்தாள். முப்பத்தெட்டுப் பக்கம். இருபத்தொன்றாம் பக்கத்தில் இருந்தது: ‘பயனரின் தேடல்களையும் மின்னஞ்சல் முகவரியையும் எங்கள் கூட்டாளிகளுடன் பகிர்ந்துகொள்ள அவர் சம்மதிக்கிறார்.’ கூட்டாளிகளின் பட்டியல் தனியாக இருந்தது. எண்ணினாள். நானூற்றுப் பன்னிரண்டு பேர். ஒரு ஈ காக்காய்க்குத் தெரியக் கூடாது என்று சொன்ன விஷயம், வீட்டு முகவரி ஒட்டப்பட்டு, நானூற்றுப் பன்னிரண்டு வாசல்களுக்குப் போயிருக்கிறது. அவளுக்கு அழுகை வந்தது. அழுதாள்.

காலையில் அந்த விதிமுறைப் பட்டியலைப் போனில் வைத்துக்கொண்டு கணினி அறைக்குப் போனாள். அங்கே பொறுப்பில் இருந்தவளை எல்லோரும் லேப் மேடம் என்பார்கள். சிவப்புக் கைக்குச் சொந்தக்காரி அவள்தான். துருவி யாருக்கு நோய் என்பதை மட்டும் சொல்லாமல் மற்ற எல்லாவற்றையும் சொன்னாள்.

“ஸ்கூல் பாக்கக் கூடாதுன்னு நெனச்சேன் மேடம். ஸ்கூலாவது யாருன்னு தெரியும். முகமே தெரியாதவங்க கையில பையைக் குடுத்துட்டேன். பிரிக்கிறவன் பாக்காமலா பிரிப்பான்னு ஒரு நிமிஷம் யோசிக்கல. விபிஎன்னே தப்பா மேடம்?”

“விபிஎன் தப்பில்ல. என் ஆபீஸ் வேலைக்கு நானே வச்சிருக்கேன். அது யாரோடது, எதை வச்சுப் பொழைக்கிறான், எழுதி வச்சுக்கிறானா, இதைத்தான் கேக்கணும். காசு வாங்காதவன் வேற எதையோ வாங்குறான்.” லேப் மேடம் சொல்லிவிட்டு, அவள் முதலில் தேடிய பக்கத்தைப் பள்ளிக் கணினியில் திறந்து பார்த்தாள். சிவப்புக் கை வந்தது. ‘மார்பு’ என்ற சொல் இருக்கும் எல்லாப் பக்கத்தையும் அந்த மென்பொருள் மூடியிருந்தது. உயிரியல் புத்தகத்தின் பாதி அதில் அடக்கம்.

மேடத்தின் முகம் சுருங்கியது. “நான் பாத்துப் பாத்து மூடினேன். ஏன் மூடினேன்னு உங்ககிட்ட ஒருநாளும் சொல்லல. வேணும்னா எப்படிக் கேக்கணும்னும் சொல்லல. முன்கதவச் சாத்திட்டு, புள்ளைங்க ஏன் சந்து வழியா போகுதுன்னு கேட்டா அது என் தப்புதான்.”

அன்றைக்கே சிவப்புக் கையின் கீழே ஒரு சிறு பெட்டி முளைத்தது. ‘இந்தப் பக்கம் தேவையா? பக்கத்தின் முகவரியை மட்டும் எழுதுங்கள். உங்கள் பெயரும் காரணமும் வேண்டாம்.’ பிள்ளைகள் செயலியை நீக்கிவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பெற்றோரின் கடவுச்சொற்களை மாற்றச் சொன்னார்கள். ஏன் என்று கேட்ட பெற்றோரிடம் விளக்க வேண்டியதுதான் பலருக்குச் சிரமமாக இருந்தது.

துருவிக்கு அதைவிடச் சிரமம் ஒன்று பாக்கி இருந்தது. சோதனை முடிவு வர இன்னும் ஒருநாள். மாலையில் சித்தி சீருடையோடு சமையலறையில் தனியாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். துருவி உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

“சித்தி, அம்மா விக் பாக்கல. நான்தான்.” ஆரம்பித்தவள் நிறுத்தாமல் சொன்னாள். செயலி, மின்னஞ்சல், சேணம், இருபத்தொன்றாம் பக்கம், நானூற்றுப் பன்னிரண்டு. “பயத்துல படிச்சேன் சித்தி. யார்கிட்டயும் சொல்லலன்னுதான் நெனச்சேன்.”

சித்தி டம்ளரைக் கீழே வைக்கவில்லை. அதைப் பிடித்தபடியே கேட்டாள்.

“என்ன போட்டிருந்துது?”

“எதுல?”

“நீ படிச்சதுல. எனக்குப் படிக்கவே தைரியம் இல்ல. ஒன்பது நாளா பஸ்ஸு ஓட்டறேன், சிக்னல்ல நிக்கும்போதெல்லாம் போனை எடுத்துட்டு எடுத்துட்டு உள்ள வைக்கிறேன்.”

துருவி ஓடிப்போய்த் தன் நோட்டை எடுத்துவந்தாள். நான்கு மதியங்களின் குறிப்புகள் அதில் இருந்தன. இப்படிக் கண்டுபிடிக்கப்படும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல என்பதை முதலில் படித்தாள். அப்படியே இருந்தாலும், சீக்கிரம் கண்டுபிடித்தால் பலர் குணமாகிறார்கள் என்பதை அடுத்துப் படித்தாள். முடி கொட்டினால் திரும்ப முளைக்கும் என்பதையும் படித்தாள். சித்தி ஒவ்வொன்றுக்கும் கேள்வி கேட்டாள். தெரிந்ததற்குத் துருவி பதில் சொன்னாள், தெரியாததை டாக்டரிடம் கேட்க வேண்டும் என்று ஒரு பக்கமாக எழுதிக்கொண்டாள். பக்கம் நிறைந்துவிட்டது.

கடைசியில் சித்தி அவள் முகத்தை நிமிர்த்தினாள். கோபம் இருந்தது, ஆனால் வெறுப்பு இல்லை.

“உன் ரகசியமா இருந்தா நீ யாருக்கு வேணா குடு, நான் கேக்க மாட்டேன். இது என்னோடது. நான் உன்கிட்ட வச்சுக்கன்னு குடுத்தேன். ஒரு போன்ல ஒருத்தரோட ரகசியம் மட்டுமா இருக்கு? அவங்கள நம்பின அத்தனை பேரோடதும் இருக்கு. அதனால ‘ஒப்புக்கொள்கிறேன்’னு தட்டறதுக்கு முன்னாடி, யாருக்காக ஒப்புக்கிறேன்னு ஒரு தடவை கேட்டுக்க. நாங்க யாரும் ஒப்புக்கலையே.”

துருவி தலையாட்டினாள். சித்தி கதவைத் திறந்து, நான்கு நாளில் முதல் தடவையாகப் பிள்ளைகள் வழியாக இல்லாமல், தானே குரல் கொடுத்தாள்.

“அக்கா! இங்க வா. உன்கிட்ட நான் மன்னிப்புக் கேக்கணும்.”