ஓடிக்கொண்டிருந்த பெல்ட்

ஆலையில் இரும்பு கடையும் லேத் பிரிவில் அவளை எல்லாரும் 'மைக்ரோமீட்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஓர் இரும்புத் தண்டைக் கண்ணால் பார்த்தே தடிமன் சொல்லிவிடுவாள்; அப்புறம் அந்தப் பேருள்ள கருவியை வைத்து அளந்தால் மயிரிழை பிசகியிருக்காது. இருபத்திரண்டு வருடமாக இரும்பு கடைகிறவள், நாற்பத்தைந்து வயதில் மாலைக் கல்லூரியில் வரலாறு படிக்கச் சேர்ந்தாள். பஸ் ஓட்டும் கணவர், "இந்த வயசுல ராஜா கதை படிச்சு என்ன பண்ணப் போற?" என்று கிண்டலடித்தார். ஆனால் வகுப்பு நாட்களில் சமையல் அவர்தான்.

முதல் பருவத்திலேயே பேராசிரியை ஒரு பயிற்சி கொடுத்தார். "உங்களைச் சுத்தி எங்கயாவது எழுதி வச்சிருக்கிற ஒரே ஒரு வாக்கியத்தை எடுத்துக்கங்க. யார் எழுதினது, எப்ப எழுதினது, எதைப் பாத்து எழுதினதுன்னு கேளுங்க. சரின்னா சரின்னு எழுதுங்க. தப்புன்னா சான்றோட காட்டுங்க."

அவள் அதிகம் தேடவில்லை. ஆலைக்கு நூறு வயது நிறையப்போகிறது என்று முன்கூடத்தில் பழைய படங்களை மாட்டியிருந்தார்கள். அதில் ஒன்று இரண்டாம் உலகப் போரின்போது எடுத்தது. பீரங்கிக் குண்டுகளுக்கு உறை செய்து ஆலை போர்முனைக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம். வரிசையாக லேத்துகள், ஒவ்வொன்றின் முன்னாலும் கைப்பிடியைப் பிடித்தபடி ஒரு பெண். கீழே, "தொழிலாளர் குடும்பத்துப் பெண்கள் ஆலையைப் பார்வையிடுகிறார்கள்" என்று எழுதியிருந்தது.

தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போவாள். அன்று நின்று பார்த்தாள். பெண்களின் முகங்கள் தெளிவாக இருந்தன. இயந்திரங்களைச் சுழற்றும் தோல் பெல்ட்டுகள் மட்டும் புகைபோலக் கலங்கித் தெரிந்தன. அப்படியானால் படம் எடுக்கும்போது அவை ஓடிக்கொண்டிருந்தன. ஓடுகிற லேத்தின் கைப்பிடியைத் தொட, வேடிக்கை பார்க்க வந்தவர்களை எந்த மேஸ்திரி விடுவார்? முடி சிக்காமலிருக்க எல்லார் தலையிலும் துணி இறுக்கிக் கட்டியிருந்தது. ஏழாவது லேத்தில் நின்றவளின் முன்கையில் பொட்டுப் பொட்டாகத் தழும்புகள். மைக்ரோமீட்டர் தன் சட்டைக் கையை மடித்துப் பார்த்துக்கொண்டாள். சூடான இரும்புச் சுருள் தெறித்தால் அப்படித்தான் ஆகும்.

"வேடிக்கை பாக்க வந்தாங்களாம்!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். வாசல் காவலாளி திரும்பிப் பார்த்தார்.

பேராசிரியை மெச்சினார், உடனே ஒரு கொக்கியும் போட்டார். "கண்ணு நல்லா பாத்திருக்கு. ஆனா ஒரு படம் போதாதும்மா. படத்துக்காக அப்படி நிக்க வச்சிருக்கலாம் இல்லையா?"

படங்களுக்குக் கீழே வாக்கியம் எழுதியவர், நூற்றாண்டு மலரைத் தயாரிக்கும் அலுவலர். அவரிடம் போனாள். அவர் பழைய கோப்பைத் திறந்து ஓர் உத்தரவைக் காட்டினார். லேத் பிரிவில் பெண்களை வேலைக்கு வைக்கக்கூடாது. அன்றைய மேலாளரின் கையெழுத்து.

"எழுத்துலயே இருக்கும்மா. இதுக்கு மேல என்ன வேணும்?"

அவளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இரண்டு நாள் பேனாவைத் தொடவில்லை. மூன்றாம் நாள், அடுப்படியில் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்த கணவர் விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"என் பஸ்லகூடத்தான் 'படியில் நிற்காதீர்'னு எழுதியிருக்கு. நூறு வருஷம் கழிச்சு அதைப் படிக்கிறவன், ஒரு பயலும் படியில நின்னதில்லன்னு நெனச்சுக்குவானா?"

அவள் அவரையே பார்த்தாள். "ஏங்க, இதை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?"

உத்தரவு, மேலாளர் விரும்பியதைத்தான் சொல்லும். நடந்ததைச் சொல்வது எது? கையில் வெட்டுப்பட்டால் எங்கே ஓடுவார்கள்? முதலுதவி அறைக்குத்தான். மறுநாள் அங்கிருந்த நர்ஸம்மா பழைய காயப் பதிவேடுகள் கிடந்த அலமாரியைத் திறந்துவிட்டார். நான்கு நாள் சாப்பாட்டு இடைவேளை தும்மலிலேயே போயிற்று.

உத்தரவு போரின் முதல் வருடத்தில் போட்டது. மூன்றாம் வருடப் பதிவேட்டில் இப்படி இருந்தது: "பெண், லேத் 7, முன்கையில் சூட்டுக்காயம்." அடுத்த பக்கத்தில், "பெண், லேத் 12, கண்ணில் இரும்புத் துகள்." பெயர்களும் இருந்தன. அங்கிருந்து போர் முடியும்வரை மொத்தம் முப்பத்தொரு பெண்கள். ஆண்கள் போருக்குப் போக, காலியான லேத்துகளில் இவர்கள் நின்றிருக்கிறார்கள். உத்தரவை யாரும் ரத்து செய்யவில்லை; யாரும் மதிக்கவும் இல்லை.

அவள் கைபேசியில் பிடித்து வந்திருந்த படத்தைப் பார்த்த கணவர், "இந்த மூணாவது ஆளு உங்க பெரியத்தை சாடையா இல்ல?" என்றார். அவளுக்கும் ஆசையாகத்தான் இருந்தது. "பேரு பதிவேட்டுல இல்லீங்க. சாடையெல்லாம் சான்றாகாது" என்று விட்டுவிட்டாள். கட்டுரையின் கடைசியில், "இவர்கள் செய்த குண்டுகள் யார் வீட்டில் விழுந்தன என்று எனக்குத் தெரியாது. அதைக் கொண்டாட மாட்டேன். வேலையைச் செய்தது யார் என்பதை மட்டும் மறைக்கக் கூடாது" என்று எழுதினாள்.

அலுவலர் படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார். "நான் பொய் எழுதலம்மா."

"தெரியும் சார். உத்தரவை நம்பிட்டீங்க. நானே ரெண்டு நாள் நம்பினேன்."

படத்தின் வாக்கியம் மாறியது. கீழே முப்பத்தொரு பெயர்களும் ஏறின. பட்டியல் செய்தித்தாளிலும் வந்தது.

நூற்றாண்டு விழா அன்று, எழுபது தாண்டிய ஓர் அம்மா செய்தித்தாள் துண்டுடன் வந்து மைக்ரோமீட்டரைத் தேடிப் பிடித்தார். பட்டியலில் பதினாலாவது பெயர் அவருடைய அம்மாவுடையது.

"நான் லேத்து ஓட்டினவள்னு எங்கம்மா சொல்லும். நாங்க நாலு பேரும் 'வாம்மா பீரங்கி'ன்னு கேலி பண்ணுவோம். அப்புறம் சொல்றதையே விட்டுடுச்சு."

மைக்ரோமீட்டர் அவரைக் கைத்தாங்கலாக முதலுதவி அறைக்கு அழைத்துப்போய்ப் பதிவேட்டைத் திறந்து காட்டினாள். வலது கட்டைவிரல், நான்கு தையல், மறுநாளே வேலைக்குத் திரும்பினார்.

அந்த அம்மா வரியின்மேல் விரல் வைத்து இரண்டு தடவை படித்தார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு கைபேசியை எடுத்தார். அங்கே விழா மேடையில் யாரோ பெரிய மனிதர் பேசிக்கொண்டிருந்தார். இவரோ தம்பிகளுக்கும் தங்கைக்கும் ஒவ்வொருவராக அழைத்து, விழாக் கூடம்வரை கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தார்: "அம்மா சொன்னது நிஜம்டா! நிஜம்!"