துடைக்காத சுவர்

வாசுதேவன் அண்ணை வருகிறார் என்றதும் கலாவதியின் கை தன்பாட்டில் பிளீச் போத்தலை எடுத்துவிட்டது. மூடியைத் திருகிய பிறகுதான் அவளுக்கே உறைத்தது. "மொக்குச் சனியன்!" என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு போத்தலைத் திரும்ப வைத்தாள்.

இரண்டு மாரியாக இதே கூத்துத்தான். தோர்ண்டன் ஹீத்தில் அவர்கள் வாடகைக்கு இருந்த அந்த மேல்வீட்டுப் படுக்கையறைச் சுவரில் பூஞ்சணம் கறுப்பாகப் படரும். வீட்டுக்காரர் வாசுதேவனுக்குப் போன் போகும். அவர் வருகிறேன் என்பார். உடனே இவள் சுவரை உரஞ்சிக் கழுவி, சாம்பிராணி காட்டி, வடையும் சுட்டு வைப்பாள். ஆள் வரும்போது வீடு ஊத்தையாய்க் கிடந்தால் என்ன நினைப்பார்கள்? அவர் வந்து வெள்ளைச் சுவரைப் பார்ப்பார், வடையைச் சாப்பிடுவார், "எங்க பிள்ளை பூஞ்சணம்? எல்லாம் நீங்க புட்டு அவிக்கிற ஆவிதான்" என்றுவிட்டுப் போவார். கிழமை திரும்ப முன்னம் கறுப்பு திரும்பிவிடும். தனக்குத் தானே குழி தோண்டி, அதற்குச் சாம்பிராணியும் காட்டியவள் உலகத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

ஆனால் போன கிழமை நாலு வயது மேனுஷாவை மூச்சிழுப்போடு ஆசுபத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டி வந்தது. வீட்டில் ஈரச்சுவர் இருக்கிறதா என்றுதான் டொக்டர் முதலில் கேட்டார். இன்னொரு முறை பிள்ளை அப்படி இழுத்தால் தன் உயிர் போய்விடும் என்று கலாவதிக்குத் தெரிந்தது. படுக்க வேறு அறையும் இல்லை. கட்டிலை எதிர்ச்சுவரோடு தள்ளிப் போட்டாள்.

"கோயில்லயும் முகம் பாக்க வேண்டிய மனுசன். கோவிச்சு வீட்டை விட்டு எழும்பச் சொன்னா எங்க போறது?" என்றான் கணவன் கீர்த்தனன், ஷிப்டுக்கு வெளிக்கிட்டபடி.

"சொல்லட்டும், பாப்பம்" என்றாள்.

வாசுதேவன் லூயிஷாம் கோயிலில் இருந்து நேரே வந்தார், நெற்றி நிறைய விபூதியோடு. சப்பாத்தைக் கழற்றி வைத்தார். கலாவதி கதிரையை அன்று படுக்கையறைக்குள் போட்டிருந்தாள், சுவரைப் பார்த்தபடி. அதன் முதுகுப் பக்கக் கட்டிலில் மேனுஷா நித்திரையாய்க் கிடந்தாள். தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் கொடுத்தாள். வடை இல்லை.

"என்ன பிள்ளை இது! ஒருக்காத் துடைச்சிருக்கலாமே?"

"துடைச்சுத் துடைச்சுத்தான் அண்ணை நீங்க நம்பேல்லை."

"அந்தப் புட்டு ஆவி..."

"ஓம், புட்டு அவிக்கிறனான். நீங்களும் வீட்டில அவிக்கிறனீங்கள்தானே? ஆவி போக யன்னல் திறக்கிறன். உடுப்பை உள்ளுக்கை காயப்போடுறதையும் விட்டிட்டன். அது என்ர வேலை. இஞ்ச வந்து இதைப் பாருங்கோ."

யன்னலைத் திறந்தாள். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. மழைத்தண்ணி ஓடும் கூரைப் பீலி உடைந்து தொங்க, தண்ணீர் முழுவதும் அந்தச் சுவரிலேயே வழிந்தது. செங்கல் பச்சைப் பாசி பிடித்துக் கிடந்தது.

"பீலி உங்கட வேலை, அண்ணை."

அவர் தலையை வெளியே நீட்டி அண்ணாந்து பார்த்தார். சொத்தென்று தண்ணீர் மொட்டைத் தலையில் விழுந்தது. விபூதி கரைந்து மூக்கால் வழிய, கலாவதிக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. விழுங்கிக்கொண்டு துவாயை எடுத்துக் கொடுத்தாள். வீடு தேடி வந்தவருக்கு அந்த மரியாதை போதும்.

"சரி, சரி. மாரி முடியட்டும். ஆளை அனுப்புறன்."

"ஏலாது அண்ணை. இப்பவே ஆளுக்குப் போன் எடுங்கோ. இல்லாட்டி நாளைக்கு நான் கவுன்சிலுக்கு எடுத்து முறைப்பாடு சொல்லுவன். உங்களோட எனக்குக் கோவமில்லை. ஆனா எடுப்பன்."

அவர் முகம் சுண்டியது. ஆனாலும் போனை எடுத்தார். கூரை வேலைக்காரன் ஸ்பீக்கரில் இங்கிலீசில் கேட்டான்: அவசரமா, இல்லை அடுத்த மாதம் வரட்டுமா?

வாசுதேவன் வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்துக் கட்டிலில் மேனுஷா நித்திரையிலேயே இருமினாள். இருமல் ஓய்ந்த பிறகும் நெஞ்சுக்குள் மெல்லிய விசில் ஒன்று கேட்டுக்கொண்டே இருந்தது. அவர் போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு சத்தம் வந்த பக்கம் திரும்பினார். கட்டிலை மறைத்தபடி கலாவதி நின்றாள்.

அவள் அவருக்குப் பிள்ளை தெரியும்படி ஒரு பக்கமாக விலகி நின்றாள்.